கீழ்க்கணக்குப் பிடி அரிசி

தங்கம்மாவுக்கு வாயி நீளம். இத நான் அவ முன்னாலயே சொல்லுவேன், அவளும் "ஆமா, அதுக்கென்ன இப்ப?"ன்னு கேப்பா. நிவித்திகல டவுன்ல இருந்து வர்ற பஸ்ஸவிட்டு எறங்கி, ரப்பர் மலையில ஏறுனா முதல்ல வர்றது எங்க தோட்டத்தோட கீழ்ப் பிரிவு, கீழ்க்கணக்கு. வரிச வீடா ரெண்டு லயம், நடுவுல தண்ணி புடிக்க ஒரு பீலி. அந்தப் பீலியடியில தங்கம்மா பேச ஆரம்பிச்சான்னா கொடத்துல தண்ணி நெறைஞ்சு வழிஞ்சு ஓடும், ஒருத்தியும் நகர மாட்டா. நல்ல பேச்சுக்காரி. நல்ல மனுசியும்தான், அங்கதான் தொந்தரவே. கெட்டவளா இருந்திருந்தா இந்தக் கதைய ரெண்டு வரியில முடிச்சுட்டு நான் என் வேலையப் பாத்திருப்பேன்.

நான் ஹஸீப் நானாவோட பலசரக்குக் கடை வாசல்ல தையல் மெசின் போட்டிருக்கவன், சோனக அண்ணன நாங்க நானாம்போம். தோட்டத்துக்குப் போறவங்க, வாறவங்க எல்லாம் என்னத் தாண்டித்தான் போகணும். பாதிச் செய்தி தானா காதுல வந்து விழும். மீதிய எம் பொண்டாட்டி கொண்டாந்து சேப்பா. அவ சொன்னதுல கொஞ்சம் கூட இருக்கும், நான் சொல்றதுல கொஞ்சம் கொறைஞ்சிருக்கும், ரெண்டும் சரியாப் போயிரும்.

பிடி அரிசின்னா என்னான்னு முதல்ல சொல்லிர்றேன். நாட்டுல பெட்ரோலுக்கு வரிச, கேஸுக்கு வரிச, பால்மாவுக்கு வரிசன்னு ஜனங்க வெயில்ல நின்னு செத்தாங்களே, அந்த வருசம் செலினா ஆரம்பிச்ச வேல அது. செலினா எங்க பிள்ளைக் காம்பரா ஆயா. ரப்பர் பால் வெட்டப் போற தாய்மாரு கைப்புள்ளைகள அவகிட்டத்தான் விட்டுட்டுப் போவாங்க. எந்தப் புள்ள பசியில அழுகுது, எந்தப் புள்ள பல்லு மொளைக்க அழுகுதுன்னு அவளுக்குத் தெரியும். அந்த வருசம் பசிச்சு அழுத புள்ளைகதான் நெறைய. அவ ஒரு நாளு எல்லாரையும் கூட்டி வச்சு, "ஒல வைக்கிறப்ப ஒரு பிடி அரிசிய தனியா ஒரு டின்னுல போட்டு வைங்க. சனிக்கிழம நான் வந்து எடுத்துக்கிறேன். எந்த வீட்டு அடுப்பு எரியலையோ அந்த வீட்டுக்குப் போகட்டும்"னா. அவ வேதக்காரி. ஆனா மாரியம்மன் கோயில் ஆளுங்கதான் முதல்ல டின்னு தேடி ஓடுனாங்க. ஒரே ஒரு சட்டம்: யாரு குடுத்தான்னும் கேக்கக் கூடாது, யாருக்குப் போச்சுன்னும் கேக்கக் கூடாது. வாங்குறவளுக்கு வெக்கமா இருக்கும்ல? அந்தச் சட்டத்துக்கு முதல்ல கையத் தூக்குனது நம்ம தங்கம்மாதான்.

வரிசக் காலம் போச்சு, பிடி அரிசி நிக்கல. புள்ளப் பெத்தவளுக்குப் போச்சு, மஞ்சக்காமால வந்தவனுக்குப் போச்சு. தோட்டத்துக்காரங்க ஒண்ணத் தொடங்குனா ஒண்ணு உடனே சண்டையில முடியும், இல்ல இப்புடி ஓடிக்கிட்டே கெடக்கும்.

அப்பறம் போன கார்த்திகையில புயல் வந்துச்சு. எங்க பக்கம் கூரத் தகரம் பறந்ததோட சரி. தெஹியோவிட்டப் பக்கம் ஒரு தோட்டத்துல மண்ணு சரிஞ்சு லயமே போயிருச்சு. அங்க இருந்து வந்த மூணு குடும்பம் கீழ சிங்களக் கிராமத்துப் புத்த கோயில், பன்சல மண்டபத்துல தங்கியிருந்தாங்க. கிராமத்துப் பொம்பளைங்கதான் சமைச்சுப் போட்டாங்க, அங்க இருக்க பிக்கு, ஹாமுதுரு, மூட்ட மூட்டயா செவப்புப் பச்சரிசி குடுத்தாரு. அப்பறம் நம்ம தோட்டத்துத் தொர, பழைய ரப்பர் ஸ்டோர்ல இருந்துக்கச் சொல்லி அவங்களக் கூட்டியாந்தாரு. ரெண்டு குடும்பம் கொழும்புக்குப் போயிட்டாங்க. மிஞ்சுனது ஸ்ரான்லி, அவன் பொண்டாட்டி ஜொய்சி, அவங்க சின்னப் புள்ள சரோன். வந்து சேந்த அன்னைக்கு செலினா பிடி அரிசியில கஞ்சி காச்சிக் கொண்டுபோய்க் குடுத்தா. அதோட சரி. தோட்டத்துல ஸ்ரான்லிய வேலைக்குப் பேர் பதியல. அவன் இரத்தினபுரி ரோட்டுப் பக்கம் மாணிக்கக் குழியில எறங்குனான். அந்த வேலையில சோறு போடுவாங்க, சம்பளம் கெடையாது, கல்லு கெடைச்சாத்தான் பங்கு.

அந்தப் புயலுக்கு தங்கம்மா வீட்டுக் குசினித் தகரமும் போயிருச்சு. நட்டஈடு கேக்க கிராம சேவகர், ஜீஎஸ் மாத்தயா ஆபீசுக்குப் போனவ, போன வேகத்துல திரும்பி வந்து, ஹஸீப் நானா கடைப் படியில உக்காந்து அழுதா. தங்கம்மா அழுது நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

"வரிசையில நிக்கிறேன் நானா. எனக்குப் பின்னால நின்ன பொம்பள சொல்றா, 'ஒகொல்லன்ட்ட இந்தியாவென் தெனவா நே'ன்னு. ஒங்களுக்கு இந்தியாவுல இருந்து வருதாமே, இங்க என்னத்துக்கு வந்து நிக்கிறீங்கன்னு கேக்குறா! எங்க தாத்தன் வெட்டுன மரத்துல இன்னும் பால் வடியுது. எனக்கு இந்தியா கெழக்க இருக்கா மேக்க இருக்கான்னே தெரியாது!"

"நீ சும்மாவா வந்தாய்?"ன்னு கேட்டாரு நானா.

"சும்மா வருவேனா? 'அப்பித் மெஹே தமயி இபதுணே, நாங்களும் இங்கனயேதான் பொறந்தோம்'னு நல்லாக் கேட்டேன். அவ வாய மூடிக்கிட்டா. ஆனா நெஞ்சு ஆறல நானா. அவளும் நானும் ஒரே பஸ்ஸுல போறவங்க. அவ மகளுக்கு நான் வேப்பிலை அரைச்சுக் குடுத்திருக்கேன்."

எனக்கே கண்ணு கலங்கிருச்சு. நானா ஒரு பிளேன்டீ போட்டுக் குடுத்தாரு, சல்லி வாங்கல.

அதுக்கப்பறம் ஒரு மாசம்கூட ஆகியிருக்காது. அதே படி, அதே தங்கம்மா. ஜொய்சி ஒரு துணிப் பையத் தூக்கிக்கிட்டு பிள்ளைக் காம்பராப் பக்கம் போனா. சாயங்காலம், மத்தப் புள்ளைக எல்லாம் வீட்டுக்குப் போன பொறகு. அவ முதுகு மறையிற வரைக்கும் தங்கம்மா பாத்துக்கிட்டே இருந்தா.

"பாத்தீங்களா நானா? எல்லாரும் போன பொறகு போறா, பையோட. செலினா எளகுன மனசுக்காரி, அள்ளிப் போட்டு அனுப்புறா. இவளுக்கு என்னா கொற? அரசாங்கம் வீடு குடுக்கப் போகுது. பன்சல அரிசி குடுக்குது. சர்ச்சுல மெத்த குடுத்திருக்காங்க. இந்தியாவுல இருந்து வேற சாமான் வந்துச்சாம்!"

நானா தராசுத் தட்டத் தொடைச்சுக்கிட்டே சிரிச்சாரு. "அன்னைக்கி வரிசையில அந்த நோனா செல்லினதும் இதத்தானே தங்கம்மா?"

"அது வேற, இது வேற. நாங்க இங்கனயே பொறந்தவங்க."

"ஜொய்சி என்ன, கப்பல்லயா வந்தவள்? தெஹியோவிட்ட பஸ்ஸுல வந்தவள்."

"எதுல வந்தா என்ன? வந்தான் வரத்தானுக்கெல்லாம் நம்ம பிடி அரிசியா? நம்ம புள்ளைக வாயில இருந்து எடுத்து வைக்கிற அரிசி நானா அது!"

நானா பேச்ச விட்டுட்டாரு. தங்கம்மாகிட்ட ரெண்டாவது கேள்வி கேக்குறவன் கடைய மூடிட்டுத்தான் கேக்கணும்.

அந்தப் பேச்சு பீலியடிக்குப் போச்சு. அங்க மூக்காயி இருந்தா. தங்கம்மாவுக்கு மதினி மொற, லயத்துல தல வாசல் காம்பராக்காரி, பால் வெட்டுறதுல அவ கை வேகத்துக்கு ஆளு கெடையாது. தங்கம்மா ஒரு பேச்ச வெதைச்சா மூக்காயி அதுக்கு ஒரம் போட்டு வளத்துருவா. "ஸ்ரான்லிக்குக் குழியில கல்லு கெடைச்சிருச்சாம்"னா. நீலக்கல்லுன்னா. மறுநாளு அது கோழிமுட்டப் பெருசுன்னா. இரத்தினபுரிப் பக்கத்துல ஒருத்தனப் பத்திப் பேச வேற ஒண்ணும் அம்பிடலைன்னா, கல்லு கெடைச்சிருச்சுன்னு சொல்றது வழக்கம். அவன் கால்ல செருப்பு இல்லன்னு யாரும் பாக்க மாட்டாங்க.

இதெல்லாம் நடந்து, சித்திரையும் முடிஞ்சு மழை புடிச்சிச்சு. எங்க பக்கத்து மழ பெய்யிற மழ இல்ல, கொட்டுற மழ. ரப்பர் மரத்துல தண்ணி எறங்குனா பால் வெட்ட முடியாது, பால் வெட்டாட்டிப் பேர் விழாது, அன்னைக்குச் சம்பளம் கெடையாது. மழ விட்ட ஒரு விடியக்காலம், தங்கம்மா புருசன் சின்னத்தம்பி மரத்துல கத்திய வச்சிருக்கான், குளவி கலைஞ்சிருச்சு. தலயில துண்டப் போட்டுக்கிட்டு ஓடுனவன் தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்துட்டான். மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிப் போச்சு, காலு ஒடிஞ்சுருச்சு. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு, தீபாவளி கிட்ட வரைக்கும் மலையில ஏறக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

சின்னத்தம்பி வாயப் பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டுக் காத மட்டும் வச்சுக்கிட்ட மனுசன். யாரு வீட்டுக் கூரைக்கும் ஏறுவான், யாரு வீட்டுச் சாவுக்கும் குழி வெட்டுவான். அவன் விழுந்தான்னதும் கீழ்க்கணக்கே வந்து பாத்துச்சு. ஆளாளுக்குத் தோடம்பழம், அதான் ஆரஞ்சு, கொண்டாந்தாங்க. காம்பரா முழுக்கத் தோடம்பழ வாசம். தோடம்பழத்த வச்சு ஒல வைக்க முடியுமா? தங்கம்மா மழைக்கு நடுவுல கெடைக்கிற ரெண்டொரு பேருக்கு ஓடுனா. படிக்கிற மக துஷ்யந்திக்கு பஸ்ஸுக்குக் குடுக்கணும், கட்டு மாத்தப் போகணும். அடுப்புக்கு இருந்த ஒரே தைரியம் பிடி அரிசிதான்.

முத சனிக்கிழம செலினா கொண்டாந்த அரிசி பெரிய சட்டி நெறைய இருந்துச்சு. அடுத்ததுல கொறைஞ்சிச்சு. அதுக்கடுத்தது அடிச்சட்டி.

என்னாச்சுன்னு நீங்களே கண்டிருப்பீங்க. செலினா வாசல் வாசலாப் போறா. "இன்னைக்கு இல்ல ஆயா", "மறந்துட்டேன் ஆயா", "நாங்களே மாவு ரொட்டிதான் ஆயா". மூக்காயி மட்டும் மனசுல உள்ளத சொன்னா. "சின்னத்தம்பிக்குப் போகுதோ, அந்த ஸ்டோர்க்காரிக்குப் போகுதோ, யாரு கண்டா? கேக்கவும் கூடாதுங்குற. என் அரிசி என் டின்னுலயே இருக்கட்டும். சின்னத்தம்பிக்குன்னா நான் நேராக் கொண்டுபோய்க் குடுத்துக்கிறேன்." நேராக் கொண்டுபோய்க் குடுத்தாளான்னா, ஒருக்கா கருவாட்டுக் கொழம்பு குடுத்தா. குத்தம் சொல்லக் கூடாது, நல்ல கொழம்பு. ஆனா கொழம்ப எதுல ஊத்தித் திங்கிறது?

தவள தன் வாயாலயே கெடும்னு சொல்லுவாங்க. எம் பொண்டாட்டி இத என்கிட்ட சொன்னப்ப எனக்குக் கோவம் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு, கடைசியில பாவமா இருந்துச்சு. தங்கம்மாகிட்ட யாரு போய், "ஒன் பேச்சுதான்டி ஒன் அடுப்ப அணைச்சிருச்சு"ன்னு சொல்றது?

அவளே கண்டுபுடிச்சா. ஒரு சனிக்கிழம மத்தியானம் செலினா குடுத்த அரிசியச் சொளகுல கொட்டிப் பொடைச்சுக்கிட்டு இருந்தவ, கைய நிப்பாட்டிட்டா. எங்க ஆளுங்க திங்கிறது நாட்டரிசி, வெள்ளப் புழுங்கல். ஹஸீப் நானா கடையில வேற வாங்க மாட்டாங்க. சொளகுல கெடந்தது முக்காவாசி செவப்பு.

"செலினா, இது யாரு வீட்டு அரிசி?"

"யாரு வீட்டு அரிசின்னு கேக்கக் கூடாதுன்னு நீதானே முதல்ல கையத் தூக்குன?"

"கையும் தூக்குனேன், காலும் தூக்குனேன். இப்பக் கேக்குறேன். கீழ்க்கணக்குல எவ வீட்டுல செவப்புப் பச்சரிசி இருக்கு? இது பன்சலயில குடுத்த அரிசியில்ல?"

செலினா பலகைய இழுத்துப் போட்டு உக்காந்தா. "எல்லாரும் நிப்பாட்டிட்டாங்க தங்கம்மா. எங்க வீடு, தையக்காரு வீடு, அங்கொண்ணு இங்கொண்ணு. மத்ததெல்லாம் அவதான்."

"எவ?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காத."

"அப்ப அந்தப் பை?"

"வரும்போது அரிசி இருக்கும். போகும்போது வெறும் பை. புள்ளயக் கூட்டிப் போற சாக்குல கொண்டாந்து கொட்டிட்டுப் போவா. வெளிய சொல்லக் கூடாதுன்னு மாதா படத்துக்கு முன்னால சத்தியம் வாங்கிட்டா. இப்ப நீ சொளகுல பாத்துச் சொல்ற, நான் சொல்லல."

"எனக்குன்னு தெரியுமா அவளுக்கு?"

"காலு ஒடிஞ்சு கெடக்குறவன் வேற யாரு இருக்கான் இங்க?"

"நான் பேசுனதெல்லாம் தெரியுமா?"

"ஒன் பேச்சு நிவித்திகல டவுனுக்கே கேக்கும். ஸ்டோருக்குக் கேக்காதா?"

தங்கம்மா சொளகக் கீழ வச்சா. "அப்பறம் எதுக்கு ஒளிச்சுக் குடுக்கணும்? வெளிச்சத்துல வந்து குடுத்தா எவ வாயும் மூடியிருக்குமே?"

"நானும் அதத்தான் கேட்டேன். அவ சொல்றா, 'குடுக்குறேன்னு தெரிஞ்சா, இவளுக்கு மிஞ்சிக் கெடக்குன்னு பேசுவாங்கக்கா. குடுக்காட்டி, திங்க மட்டும் வந்தவன்னு பேசுவாங்க. பேச்சு எப்புடியும் வரத்தான் போகுது. அரிசியாவது ஒரு வீட்டுக்குப் போகட்டும்'னு. நான் என்னத்தச் சொல்ல?"

உள்ள கட்டில்ல கெடந்த சின்னத்தம்பி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான். "ஏ புள்ள, ஒல கொதிக்குது. அரிசியப் போடு"ன்னான். தங்கம்மா அழுதுக்கிட்டே போட்டா. செவப்பரிசிச் சோத்த அந்த மனுசன் ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னான். அவளுக்கு ஒரு வா எறங்கல.

அவ வெக்கப்பட்டு வீட்டுக்குள்ள ஒக்காந்திருந்தா அது தங்கம்மாவே இல்ல. ஞாயித்துக்கிழம காலையிலயே பீலியடியில நின்னா. கொடத்தக் கவுத்து வச்சுக்கிட்டு, எல்லாருக்கும் கேக்கச் சொன்னா.

"எல்லாரும் கேட்டுக்கங்கடி. நான் பேசுன வாய்க்குச் செருப்பால அடிக்கணும். இந்த ஒரு மாசமா எம் புருசன் தின்ன சோறு அந்த ஸ்டோர்க்காரி போட்ட சோறு. நம்ம அரிசிய அவ திங்கல. அவ அரிசிய நாங்க திங்கிறோம்!"

அப்பறம் மூக்காயி தலையில துண்டச் சுத்திக்கிட்டே மெதுவாச் சொன்னா, "தனக்கு மிஞ்சித்தான் தானம். ஊருக்கே அள்ளிக் குடுக்குறான்னா எவ்வளவு மிஞ்சிக் கெடக்கணும்? கல்லு கெடைச்சிருக்குன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"ஆமாடி, இல்லாமயா குடுப்பா"ன்னு ரெண்டு பேரு தலைய ஆட்டுனாங்க.

தங்கம்மாவுக்கு நெருப்பாப் புடிச்சிருச்சு. ஜொய்சி என்ன சொன்னாளோ அது அவ கண்ணு முன்னாலயே நடக்குது. "மிஞ்சிக் கெடக்கா? வாங்கடி! வாங்க, வந்து அவ சட்டியப் பாருங்க!"ன்னு மூக்காயி கையப் புடிச்சு இழுத்தா. நல்லது செய்யிறேன்னுதான் இழுத்தா, சத்தியமா. எட்டுப் பத்துப் பொம்பளைங்க அவ பின்னால, செலினாவும் எம் பொண்டாட்டியும்தான், தூத்தல்ல நனைஞ்சுக்கிட்டு ரப்பர் ஸ்டோருக்குப் போனாங்க.

ரப்பர் ஸ்டோர்ல இன்னும் பொக வாசம் போகல. ரப்பர் ஷீட்டுக் காயப் போட்ட கம்புல புள்ள உடுப்புக் காயிது. ஒரு மூலையில மூணு கல்லு அடுப்பு. ஜொய்சி சரோனுக்குத் தல சீவிக்கிட்டு இருந்தா. "வாங்கக்கா"ன்னு எந்திரிக்கிறதுக்குள்ள தங்கம்மா நேரா அடுப்பண்டைக்குப் போயி சட்டி மூடியத் தூக்கிட்டா.

அவிச்ச பலாக்கா. மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சது. பக்கத்துல அம்மியில மொளகா வச்சு அரைச்ச கட்டச் சம்பல் ஒரு கையளவு. தங்கம்மா அதோட நிக்கல. அரிசி டின்னையும் எடுத்துச் சாச்சுக் காட்டுனா. அடியில கொஞ்சம் செவப்பரிசி உருண்டுச்சு.

"பாத்தீங்களா? பாத்தியா மதினி? கல்லு கெடைச்ச வீடு இது! பலாக்காயத் தின்னுட்டு அரிசிய எனக்குக் குடுத்திருக்கா!"

ஜொய்சி சீப்பக் கையில புடிச்சுக்கிட்டு அப்புடியே நின்னா. மூஞ்சி செவந்து போச்சு. அவ சத்தம் போடல, அதுதான் கேக்க முடியலன்னு சொன்னா எம் பொண்டாட்டி.

"அக்கா, மண்ணு சரிஞ்ச நாள்ல இருந்து எங்க சட்டிய எல்லாரும் தொறந்து பாத்துட்டாங்க. ஆபீஸ்ல இருந்து வந்தவங்க பாத்தாங்க. சாமான் குடுக்க வந்தவங்க பாத்தாங்க, போட்டோ எடுத்தாங்க. குடுக்குறவங்க பாக்கத்தான் செய்வாங்கன்னு ஒதுங்கி நின்னேன். ஒங்களுக்கு நான் குடுத்தேன். குடுக்குறதுக்குமா நான் சட்டியத் தொறந்து காட்டணும்?"

தங்கம்மா மூடியக் கையில வச்சுக்கிட்டு, எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னா. அப்பறம் மெதுவா, "தப்புத்தான் தங்கச்சி"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அவ்வளவு சின்னதா அவ ஒண்ணும் பேசுனதே இல்ல.

ஜொய்சி கண்ணத் தொடைச்சுக்கிட்டா. "சரி, தொறந்தாச்சு. உக்காருங்க. சட்டியப் பாத்தவங்க திங்காமப் போகக் கூடாது."

"வேணாம் புள்ள, நாங்க தின்னுட்டுத்தான் வந்தோம்"னு பின்னால இருந்தவங்க நழுவப் பாத்தாங்க.

"ஞாயித்துக்கிழம காலையில எந்த வீட்டுல தின்னுட்டு வந்தீங்க? உக்காருங்கக்கா." அந்தச் சொல்ல யாராலயும் தட்ட முடியல. சாக்கு விரிச்சா. வாழ எலைய நறுக்கி ஆளுக்கு ரெண்டு மூணு சொளையும் தொட்டுக்கச் சம்பலும் வச்சா. எல்லாரும் குனிஞ்ச தல நிமிராமத் தின்னாங்க. மூக்காயி மட்டும், "உப்புக் கொஞ்சம் கம்மி"ன்னா. "உப்பும் பன்சலயில குடுத்ததுதான் சித்தி, அளந்துதான் போடுறேன்"ன்னா ஜொய்சி. யாரோ ஒருத்தி களுக்குன்னு சிரிச்சுட்டா. அப்பறம் மூக்காயியே சிரிச்சா. தங்கம்மா சிரிச்சாளா அழுதாளான்னு தெரியல, சம்பல் காரமுன்னு சொல்லி மூக்கச் சிந்துனா. சட்டி காலியாயிருச்சு. ஸ்ரான்லி ராத்திரி குழியில இருந்து வந்தா என்னத்தத் திம்பான்னு எம் பொண்டாட்டி அப்பவே நெனச்சாளாம். பொழுது சாயிறதுக்குள்ள லயத்துல இருந்து ரொட்டியும் போச்சு, பருப்பும் போச்சு, அது வேற விசயம்.

கெளம்புறப்ப ஜொய்சி வாசல்ல நின்னு செலினாவக் கேட்டா. "சனிக்கிழம எல்லா வாசலுக்கும் பையத் தூக்கிட்டு வாறீங்க, இந்த ஸ்டோர் வாசலுக்கு மட்டும் வாறதில்ல. ஏன்னு நான் கேக்கல. இனிமே வாங்க. புள்ளயச் சாக்கு வச்சு ஒளிச்சுக் கொண்டாந்து குடுக்குறது களவெடுத்த மாதிரி இருக்கு."

அடுத்த சனிக்கிழம நான் மெசினுக்கு லீவு விட்டுட்டு லயத்துல நின்னேன். பாக்காம இருக்க முடியுமா? செலினா கூட பையப் புடிச்சுக்கிட்டுத் தங்கம்மா வாறா. வாங்குற வீட்டுக்காரி பை தூக்கக் கூடாதுங்குறது வழக்கம். அவளாவது வழக்கத்தக் கேக்குறதாவது. முதல்ல ஸ்டோர் வாசலுக்குப் போனாங்க. ஜொய்சி ஒரு பிடி போட்டா, சரோன் அவ கையளவுக்கு ஒண்ணு போட்டா. அப்பறம் வாசல் வாசலா தங்கம்மா சத்தம்தான். "இது எங்க வீட்டுக்கும் போகும், ஸ்டோருக்கும் போகும், நாளைக்கு ஒங்க வீட்டுக்கும் போகும், போடுறவங்க போடுங்க!" சில வீட்டுல போட்டாங்க. சில வீட்டுல கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள ரேடியோ பாடுது, கதவு தொறக்கல. எல்லாரும் ஒரே நாள்ல மாறிட்டாங்கன்னு சொன்னா நான் பொய் சொல்றவன்.

கடைசியா மூக்காயி வாசல். அவ டின்னோட வெளிய வந்தா. கைய விட்டு நெறைய ஒரு பிடி எடுத்தா, பைக்கு மேல கொண்டாந்து அப்புடியே நிப்பாட்டிக்கிட்டா.

"இதுல அந்த வந்தவளுக்கும் போகுமாடி?"

"போகும் மதினி."

மூக்காயி யோசிச்சா. பலாக்காயத் தின்ன வாயிதான். ஆனா மனசு உடனேவா எளகும்? வெரலக் கொஞ்சம் தளத்துனா. பாதி அரிசி திரும்ப டின்னுக்குள்ள விழுந்துச்சு. மிச்சப் பாதியப் பையில போட்டுட்டு டின்ன மூடப் போனா.

தங்கம்மா பைய எடுக்கல. சண்டைக்குப் போகப் போறான்னு நெனச்சேன். அவ மெதுவாத்தான் பேசுனா.

"மதினி, இப்ப உள்ள விழுந்துச்சே பாதி, அது அவளோட பாதின்னு நெனச்சுத்தானே விட்ட? நானும் அப்புடித்தான் நெனச்சேன். எங்க வீட்டுச் சட்டியில கொறைஞ்சது அந்தப் பாதிதான். அவ சட்டியில ஒண்ணும் கொறையல, நம்ம அரிசி அவளுக்குப் போகவே இல்லையே. அவ தன் அரிசியக் குடுக்காட்டி எம் புருசன்தான் பட்டினி கெடந்திருப்பாரு."

மூக்காயிக்குக் கண்ணு ரெண்டும் கலங்கிருச்சு. அதக் காட்டிக்காம அதட்டுனா: "சின்னத்தம்பிக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அப்பவே அள்ளிப் போட்டிருப்பேன்லடி?"

"யாருக்குன்னு சொல்லக் கூடாதுன்னுதானே வச்சிருக்கோம்"னா செலினா.

மூக்காயி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. அப்பறம் டின்னு மூடியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, மறுபடி கைய உள்ள விட்டா.